உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை
டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதன்முறை தொற்றுக்குள்ளாகும் பூனை, பெரும்பாலும் 1 முதல் 3 வாரம் வரையே இதன் நுண்முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். அவையும் உடனே தொற்றாது. 1 முதல் 5 நாள் கழித்தே வீரியம் பெறும். ஆகவே மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஆளில்லை என்றால் கர்ப்பிணி கையுறை அணிந்து செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பூனையைத் தடவுவதால் தொற்றுவது அரிது. பழி பூனைக்குப் போனாலும், அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் வழியாகவும் தொற்று வரும். பூனைக்குப் பச்சை இறைச்சி தரக் கூடாது. வேட்டைக்கும் வெளியே விடக் கூடாது. பிரசவம் வரை புதுக் குட்டி எடுக்காமலிருப்பது நல்லது.