படகு விடுமுறையும் வெற்றுக் கட்டில்களும்

வாழைச்சேனையில் கடை வைத்திருக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர், மாலைதீவில் படகிலேயே தங்கி ஐந்து நாள் தூண்டில் போடுவதென்று ஒருமுறை தீர்மானித்தோம். சாப்பாடு ஹலாலா என்று விசாரிக்கத் தேவையில்லாத நாடு. பவளத்திட்டுகளுக்குள் கடல் குளம்போல் கிடக்கும். பாரையும் சூரையும் படும். படகு முழுவதையும் பேசி முற்பணமும் கட்டினோம். புறப்படும் வாரத்தில் மூவர் கழன்றுகொண்டனர். அவர்களுடைய பங்கு எங்கள் தலையில் விழுந்தது.

படகு வாடகை, மாலுமிகளின் சம்பளம், டீசல் எதுவும் ஆள் குறைந்தால் குறையாது. உதாரணமாக, 6 இலட்சம் ரூபாய் வாடகையை 12 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 50,000. 9 பேரென்றால் 66,000க்கும் மேல். எனவே முழுப் பணத்தையும் முதலே வாங்கி, நிபந்தனையை எழுதிக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எழுத்தா என்று வெட்கப்பட்டோம், நட்டப்பட்டோம்.

இதே தொழிலை இங்கு தொடங்கலாமா என்று கேட்கும் காக்காமாரும் இந்தக் கணக்கையே பார்க்க வேண்டும். கேரளத்து ஆலப்புழையில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள், வீதிப் போக்குவரத்தால் தொழிலிழந்து, 1990களில் வீட்டுப்படகுகளாயின. அவை ஓடுவது அமைதியான காயலில். பாசிக்குடாக் கடலோ நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றில் கொந்தளிக்கும். நல்ல பருவம் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான். மாலைதீவுக்கு நேர்மாறு, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. படகுக் கடனுக்குத் தவணை பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். வெற்று மாதங்களில் படகுக்கு என்ன வேலை என்று முடிவெடுத்த பிறகு வங்கிக்குப் போங்கள்.