ஆளுமையை அளக்கும் ஐந்து பண்புகள்

1936-இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து, மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் அவற்றைச் சுருக்கிப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தபோது புதுமைநாட்டம், பொறுப்புணர்வு, பிறரோடு கலகலப்பாகப் பழகும் புறமுகநோக்கு, இணக்கம், எளிதில் கலங்கும் இயல்பாகிய உணர்ச்சி நிலையாமை என ஐந்து தொகுதிகள் தெளிந்தன. இவை மனிதரை அடைத்துவைக்கும் வகைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல், பெரும்பாலோர் அதன் நடுப்பகுதியிலேயே நிற்கின்றனர்.

நடைமுறையில் பெரிதும் கைகொடுப்பது, திட்டமிட்டுத் தொடங்கியதை முடிக்கும் இயல்பாகிய பொறுப்புணர்வே. 1991-இல் மரே பேரிக், மைக்கேல் மவுண்ட் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் இப்பண்பு பணித்திறனோடு தொடர்புற்றிருந்தது; புறமுகநோக்கோ விற்பனை, மேலாண்மை போன்று மனிதரோடு ஓயாது பழகும் பணிகளிலேயே பயன் தந்தது. ஆயினும் அத்தொடர்பு மிதமானதே. வேலை தேடுவோர் தம்மை உயர்த்திக் காட்ட முனைவதும் இயல்பு என்பதால், வேலையை உடனுக்குடன் முடிப்பவரா என்பது போன்ற கேள்விகளுக்கு விண்ணப்பதாரர் தாமே இட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணை மட்டும் நம்பி ஒருவரை ஒதுக்குவது அநீதியாகும்.

உணர்ச்சி நிலையாமை மிகுந்தோருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு கூடுதல். எனினும் உளவியல் சிகிச்சை பெற்றோரிடம் இப்பண்பு குறிப்பிடத்தக்க அளவு தணிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.