ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எந்தப் பசை?

திருவிழாப் பந்தலிலும் தேநீர்க் கடையிலும் மரப்பெட்டிக்குள் இருந்து பாடும் ஒலிபெருக்கியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியை வெறும் உறை என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் ஒலிபெருக்கியின் ஓர் உறுப்பே. எவ்வாறு எனக் காண்போம்.

ஒலிபெருக்கியின் கூம்புத்தாள் முன்னோக்கி நகரும்போது முன்புறக் காற்று நெருக்கம் அடைகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்வு அடைகிறது. இவ்விரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். கூம்பின் அளவு இதில் மிகச் சிறு பகுதியே. ஆகவே, தடுப்பு இல்லையெனில் தவில், மிருதங்கம் இவற்றின் அடிநாதம் காதுக்கு எட்டாமலே போய்விடும். மூடிய பெட்டி பின்புற ஒலியைச் சிறைப்படுத்துகிறது.

உள்ளே அடைபட்ட காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கூம்பை அதன் இடத்துக்கு மீட்கும் சுருள்வில்லாக அது இயங்குகிறது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் இக்கொள்கையைப் பயன்படுத்திச் சிறிய பெட்டியிலேயே ஆழ்ந்த ஒலியைப் பெற்றுக் காட்டினார். இந்தக் காற்று வில்லில் கசிவு ஏற்பட்டால் அது வில்லாக இராது. இங்கேதான் பசையின் கதை தொடங்குகிறது.

"மிக வலிமையான பசை எது?" என்றே பலரும் கேட்கின்றனர். இக்கேள்வி சரியா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

பெட்டியின் கொள்ளளவு 40 லிட்டர், கூம்பின் பரப்பு 200 சதுர செ.மீ., அது உள்நோக்கி நகரும் தூரம் அரை செ.மீ. எனக் கொள்வோம். அப்போது 100 கன செ.மீ. காற்று அமுக்கப்படுகிறது. இது மொத்தக் காற்றில் 400இல் ஒரு பங்கு. அமுக்கம் விரைவாக நிகழ்வதால் வெப்பம் வெளியேற நேரமில்லை. எனவே அழுத்த உயர்வு இதைப்போல் 1.4 மடங்கு. அதாவது, ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 3.6 கிராம் எடை. 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உடைய ஒரு பலகையின் மேல் இது 4.3 கிலோ எடைக்குச் சமமாகிறது. பலகையின் கனம் 1.8 செ.மீ. எனில், அதன் நான்கு விளிம்புகளிலும் பசை பிடிக்கும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர செ.மீ. ஆகவே பசை தாங்க வேண்டியது ஒரு சதுர செ.மீ.க்கு வெறும் 17 கிராம் எடையே! எந்த மரப்பசையும் இதைப்போல் பல நூறு மடங்கைத் தாங்கும்.

அப்படியானால் வலிமை நமக்குப் பிரச்சினை அன்று, இடைவெளிதான் பிரச்சினை. 40 செ.மீ. நீள இணைப்பில் 0.2 மி.மீ. அகலத்துக்கு ஒரு விரிசல் விட்டுப்போனால், அதன் பரப்பு ஒரு செ.மீ. விட்டமுள்ள துளைக்குச் சமம். அதன் வழியே காற்று "உஸ்" என்று வந்து போகும்.

இனிப் பசைகளைப் பார்ப்போம். தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வச்சிரம், விலங்குகளின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து கிடைப்பது. சூடாகத் தடவ வேண்டும், பிடிப்பும் நன்றே. ஆனால் ஈரம் பட்டால் இளகும். கடலூர்க் கரையோரத்தின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று அதற்கு ஆகாது.

கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிட்டேட் என்னும் பொருள் நீரில் பரவி நிற்கும் பால்மம். 1959இல் அறிமுகமான ஃபெவிகால் இவ்வகையே. மரம் நீரை உறிஞ்சிக்கொள்ள, பசை இறுகுகிறது. அதில் ஏறத்தாழ பாதி நீர். எனவே உலரும்போது சுருங்கும். பலகைகள் நெருக்கமாகப் பொருந்தி, இறுக்கியும் கட்டப்பட்டால் இதைவிடத் தக்கது வேறில்லை. பொருந்தாத இடைவெளியை மட்டும் இது அடைக்காது. பலகையின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். அங்கே ஒருமுறை தடவிச் சற்று விட்டு, மீண்டும் தடவ வேண்டும்.

அரால்டைட் போன்ற எபாக்சிப் பசையில் பிசினும் கடினமாக்கியும் வேதிவினை புரிந்து இறுகுகின்றன. வெளியேற நீர் இல்லாததால் சுருக்கம் மிகக் குறைவு, இடைவெளியும் அடைபடும். விலைதான் அதிகம். குள்ளஞ்சாவடி, பண்ருட்டி வட்டார வாசகர்களுக்கு ஒரு செய்தி: முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கார்டனால் என்னும் பொருளைக் கொண்டும் எபாக்சிக்கான கடினமாக்கிகள் செய்யப்படுகின்றன. தோலைப் புண்ணாக்கும் அந்த எண்ணெய்க்கு இப்படியும் ஒரு பயன்!

ஆகவே செய்ய வேண்டியது இது: ஈரத்தில் அதிகம் விரிந்து சுருங்காத ஒட்டுப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளுக்கு வெள்ளைப் பசை இட்டு, ஒரு நாள் இறுக்கிக் கட்டி வையுங்கள். பின்னர் உள்மூலைகள் எல்லாவற்றிலும் மரத்தூள் கலந்த எபாக்சியைப் பூசுங்கள். ஒலிபெருக்கியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பழுது பார்க்கக் கழற்ற வேண்டியிருக்கும். அதன் விளிம்பில் மென்மையான நுரை நாடா வைத்துத் திருகாணியால் முடுக்கினால் போதும்.

சோதனையும் எளிதே. கூம்பை விரல்நுனிகளால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். அது சற்றுத் தயங்கித் திரும்பினால் பெட்டி நன்கு மூடியுள்ளது. உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ கசிவு உண்டு. தாழ்ந்த ஒலியை ஓடவிட்டு, ஊதுபத்திப் புகையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்துங்கள்; புகை நடுங்கும் இடமே கசியும் இடம்.

பசையின் வலிமையை விலை கொடுத்து வாங்கிவிடலாம். பலகையை நேராக அறுத்து, இழைத்துப் பொருத்தும் பொறுமையைக் கடையில் வாங்க முடியாது. காற்றுப் புகாத பெட்டிக்கு முதல் தேவை அதுவே.