மேடை ஏற மறுத்த வித்துவான்

சங்கீத வித்துவான் ஒருவர் கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கிய பின்னர் மற்றை மனிதரைப் போன்றவர்தாமா, அன்றி அவருக்கெனத் தனி நியாயம் ஏதும் உண்டா? இவ்வினாவைக் குறித்து நிரம்பச் சிந்தித்தவர், ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியிலே 1876ஆம் ஆண்டிற் பிறந்த பாப்லோ கசால்ஸ். தாம் முதலில் மனிதர், அதன் பின்னரே கலைஞர் என்பது அவர் பலகாலும் வற்புறுத்திய கருத்து.

அவர் கைக்கொண்ட வாத்தியம் செல்லோ. வயலினுக்குத் தமையன் என்று சொல்லத்தக்க அது, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படுவது. பார்சலோனா நகரில் மாணவனாயிருந்த காலத்தில், செலவுக்காக அவர் ஒரு கோப்பிச்சாலையில் இரவுதோறும் வாசித்தார். அங்கு வந்தவர்கள் கேட்க விரும்பியவை இலேசான மெட்டுகள். சிறுவனோ, வாரத்தில் ஓர் இரவையேனும் உயர்ந்த இசைக்கு ஒதுக்குமாறு கடைக்காரரை இணங்கச் செய்தான். அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினர். பொதுமக்களுக்கு நல்லிசை எட்டாது என்னும் கூற்றை அவர் பிற்காலத்திலும் ஒப்பாமைக்கு இவ்வனுபவமே வித்தாயிற்று எனலாம். 1926ஆம் ஆண்டில் அதே நகரத்துத் தொழிலாளர்களுக்கென ஓர் இசைச் சங்கம் தோன்ற அவர் துணைநின்றார். செல்வர்க்கு வாசித்த அதே வாத்தியக் குழுவே ஞாயிறு காலைகளில் அவர்களுக்கும் வாசித்தது.

இத்தகையவர் மேடைக்கு அஞ்சினார் என்றால் நம்புவது அரிது. 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மலையொன்றில் உலாவுகையில், உருண்டு வந்த பாறை அவரது இடக்கை விரல்களை நசுக்கியது. இனி ஒருபோதும் வாசிக்க வேண்டியதில்லை என்ற ஆறுதலே முதலில் மனத்தில் எழுந்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். விரல்கள் குணமாயின, அச்சம் மட்டும் முதுமைவரை நீங்கவில்லை. வீட்டிலோ அச்சமில்லை. நாடோறும் காலையில் பியானோவின் முன் அமர்ந்து, பாக் என்னும் ஜேர்மன் இசைமேதையின் உருப்படிகள் சிலவற்றை வாசித்த பின்னரே அன்றைய கருமங்களைத் தொடங்குவார்.

1936ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் மாலை, பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இராணுவக் கிளர்ச்சி நகரை நெருங்குவதாகவும் அனைவரும் உடனே கலைந்து செல்லுமாறும் செய்தி வந்தது. இறுதிப் பகுதியை முடித்துவிட்டுப் பிரியலாமா என்று கசால்ஸ் வினவினார், குழுவினர் இசைந்தனர். மானிடர் யாவரும் உடன்பிறந்தார் என்னும் அப்பாடலைப் பாடி முடித்துப் பிரிந்தனர்.

உள்நாட்டுப் போர் 1939இல் பிராங்கோவின் வெற்றியாக முடிந்தது. பிரெஞ்சு எல்லைப்புறத்துப் பிராட் என்னும் சிற்றூரில் கசால்ஸ் அகதியாய்த் தங்கி, தம்மைப்போல் நாடிழந்தோருக்கு உதவினார். உலகப் போரில் வென்ற வல்லரசுகள் பிராங்கோவை நீக்கும் என எதிர்பார்த்தார்; அது நடவாதபோது, 1945இல் பொதுமேடையில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். கலைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு, குற்றமற்ற இரசிகரைத் தண்டிப்பது முறையா என்று சிலர் கேட்டனர். அக்கேள்வி எளிதிற் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஊரார் வருந்தும்போது அரிசி விற்பவனும் ஆசிரியனும் தம் மனச்சாட்சிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமாயின், வித்துவானுக்கு மட்டும் விலக்கு எதற்கு? வீட்டில் அவர் வாசிப்பு ஒருநாளும் நிற்கவில்லை. நின்றது மேடை ஒன்றே.

அவர் வெளியே வராமையால், இசைஞர்கள் அவரிடம் சென்றனர். பாக் இறந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1950இல், பிராட் ஊர்த் தேவாலயத்திலே விழா நடந்தது. அதில் அவர் வாசித்தார். 1971இல், தமது 94ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் சபையிலே கட்டலோனிய நாட்டுப்பாடலான ‘பறவைகளின் பாட்டை’ இசைத்தார். 1973இல் போட்டோரிக்கோத் தீவிற் காலமானார். பிராங்கோ மறைந்து நான்காண்டுகள் கழிந்த பின்னர், 1979இலே, அவரது உடல் பிறந்த ஊரான வெண்ட்ரெல்லுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.