முழுநிலவுக்கு முந்தைய இரவு

கோடைக்கு இரண்டு ஊர் – 6: தஞ்சாவூர், தரங்கம்பாடி

கத்திரி வெயில் காலத்தில் யாராவது தஞ்சாவூருக்குப் போவார்களா என்று கேட்பார்கள். போக வேண்டிய நாளே கோடையின் உச்சத்தில்தான் வருகிறது. பஞ்சாங்கத்தில் நரசிம்ம ஜெயந்தி எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாத முடிவுக்குள் ஏதாவது ஒரு நாளாக இருக்கும். அன்றைக்கு வளர்பிறைச் சதுர்த்தசி, மறுநாள் பௌர்ணமி. அந்தச் சதுர்த்தசி இரவை மெலட்டூரிலும், பௌர்ணமி மாலையைத் தரங்கம்பாடிக் கடற்கரையிலும் கழிப்பது போலப் பயணத்தை அமைத்துக்கொண்டால் போதும். மற்ற எல்லாம் தானே ஒழுங்காகிவிடும்.

முதலில் அறை. தஞ்சாவூரில் தங்குவதற்கு எப்படியும் இடம் கிடைத்துவிடும். தரங்கம்பாடி சின்ன ஊர், விடுதிகள் குறைவு. அங்கே பதிவு செய்துவிட்டு அப்புறம் தஞ்சாவூர் அறையைப் பாருங்கள். தரங்கம்பாடியில் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே திருக்கடையூரில் விடுதிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் ஊர் அது. முகூர்த்த நாளாக இருந்தால் அங்கும் அறை கிடைக்காது. தெற்கே காரைக்கால் இருக்கிறது, பேருந்தில் அரை மணி நேரத் தூரம்.

அடுத்தது பொழுது. கோடைப் பயணத்தில் கிலோமீட்டரைவிட மணிக்கணக்குதான் முக்கியம். பெரிய கோவிலைக் காலை ஆறு மணிக்கு நடை திறக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கிழக்குப் பார்த்த கோவில். இளவெயில் நேராக விமானத்தில் விழும்போது அந்தக் கல்லுக்கு வரும் நிறம் பிறகு அன்று முழுக்க வருவதில்லை. பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. குழந்தைகளும் பெரியவர்களும் மிகவும் கஷ்டப்படுவார்கள். விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அதன் அடித்தளத்தைச் சுற்றி வந்து கல்வெட்டு வரிகளைப் பாருங்கள். 1010-இல் கோவிலை முடித்த ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டுமல்ல, தன் அக்காள் குந்தவை கொடுத்ததையும், தேவிமார் கொடுத்ததையும், அதிகாரிகள் கொடுத்ததையும் அங்கே வெட்டச் சொன்னான். சோழ நாட்டின் பல கோவில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில், அதாவது தெரு வரிசையில், எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பது வரை அதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணில் ஆடிய பெண்களைப் பெயரும் வீடும் சொல்லி அடையாளம் காட்டும் சுவர் அது. எனக்கு விமானத்தின் உயரத்தைவிட இதுதான் பெரிது.

ஒன்பது மணிவாக்கில் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய்விடலாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் நிழலில் நிற்கின்றன, அவசரப்பட வேண்டாம். வரும் வழியில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தைத் தவற விடாதீர்கள். நம் பயணத்தின் இரண்டு ஊர்களும் கை கோத்துக்கொள்ளும் இடம் அது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ். பின்னாளில் தஞ்சாவூருக்கு வந்தார். சாகும் தறுவாயில் துளஜா மன்னர் தன் தத்துப்பிள்ளை சரபோஜியை இவரிடம்தான் ஒப்படைத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து மன்னராகி, சரஸ்வதி மகால் நூலகத்தின் ஓலைகளையும் புத்தகங்களையும் பெருக்கினார். அரண்மனைக்குள்ளேயே தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். 1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனைக் கொண்டு சரபோஜி செய்வித்த சலவைக்கல் சிற்பம் இந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் ஆசிரியர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

மத்தியானம் கட்டாயம் தூங்குங்கள். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும்.

மெலட்டூர் தஞ்சாவூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். நரசிம்ம ஜெயந்தி இரவில் அங்கே பாகவத மேளா. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை ஊர்க்காரர்களே பாடி ஆடி நடிக்கிறார்கள். பெண் வேடங்களும் ஆண்களுக்குத்தான். பிரகலாதனின் தாய் லீலாவதியாக வரும் ஆண், மகனுக்காகக் கணவனிடம் மன்றாடும் இடத்தில் அவர் ஆண் என்பதே நமக்கு நினைவிருக்காது. நரசிம்மர் முகமூடி கோவிலில் வைத்துப் பூசிக்கப்படுவது. அதைத் தரிப்பவர் விரதம் இருக்கிறார். தூணிலிருந்து அவர் வெளிப்படும் கட்டம் விடியலை நெருங்கும்போதுதான் வரும். பாதியில் எழுந்து வந்துவிட்டால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று அர்த்தம். தெலுங்கு தெரியாதே என்று தயங்க வேண்டாம். கதை தெரிந்தது, பாவம் கண்ணுக்கு நேரே. கையில் ஒரு துண்டும் தண்ணீரும் இருந்தால் போதும். திரும்புவதற்கு வாகனத்தை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பேருந்து கிடைக்காது.

இந்த ஊரைக் கலைஞர் குடும்பங்களுக்கு வீடும் நிலமுமாகக் கொடுத்தவர் தஞ்சை அச்சுதப்ப நாயக்கர். அவருடைய மகன் ரகுநாத நாயக்கர்தான் 1620-இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். அப்பா கொடுத்த ஊரில் இரவு கண்விழித்துவிட்டு, மகன் கொடுத்த ஊரில் மறுநாள் காற்று வாங்கப் போகிறோம். தஞ்சாவூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கடற்கரை வேண்டும் என்பதற்காக மட்டும் வேளாங்கண்ணிக்கு ஓடுபவர்கள் இந்தத் தொடர்ச்சியை இழந்துவிடுகிறார்கள்.

காலை ரயிலில் கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ரயில் போனது, 1980-களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பேருந்துதான். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதனால் வழியில் ஆறுகளில் மணல்தான் தெரியும். உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடக்கும். ஓரத்தில் நுங்கு விற்றால் இறங்கி வாங்கத் தயங்காதீர்கள்.

தரங்கம்பாடி வாசலில் 1792-இல் கட்டிய வெள்ளை நிற நுழைவாயில். உள்ளே ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. உடனே சுற்றிப் பார்க்கக் கிளம்பாமல் குளித்துவிட்டுப் படுங்கள். முன்மதியம் வரை மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். மத்தியானத்தில் நிலம் காய்ந்து, அதன் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகத்தான் நுழையும். அது வந்ததும் எழுந்துகொள்ளலாம்.

டேனிஷ் கோட்டைக்குள் தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருந்தார்கள், கீழே கிடங்குகள். ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம், 1718-இல் கட்டியது. அதைக் கட்டிய சீகன்பால்க் 1706-இல் இங்கே வந்தவர். ஐரோப்பாவிலிருந்து அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துகளும் வரவழைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். ஆலயம் கட்டிய அடுத்த ஆண்டே, 1719-இல், இறந்து அதே ஆலயத்துக்குள் அடக்கமானார். வடக்கே கரையோரம் மாசிலாமணிநாதர் கோவில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்தது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். சரித்திரச் சின்னங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும்.

கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கற்களும் இழுப்பும் உள்ள கரை. 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்த உயிர்கள் ஏராளம். சாப்பாட்டில் மீனை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சம் மீன்தான் இருக்கும், விலையும் கூடுதல். காலையில் கரைக்கே போய், வந்திருப்பதைக் கேட்டு வாங்கிச் சமைத்துத் தரச் சொல்லலாம். பெரிய வஞ்சிரம் கிடைக்காதே என்று குறைப்பட வேண்டாம். அந்த அறுபத்தோரு நாளும் பெரிய படகுத் தொழிலாளிகளுக்கு வருமானம் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கிழக்கே நிலா எழும். ஆறு மணிக்கே கோட்டைக்கு முன்னால் இடம் பிடித்துவிடுங்கள், கூட்டம் சேரும். மறுநாள் திரும்பும்போது பொறையாறு வழியாகப் போனால் மிஷனரிகள் காகிதம் செய்த இடத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். கடுதாசிப் பட்டறை என்று கேளுங்கள்.

அடுத்த வாரம் காஞ்சிபுரமும் மாமல்லபுரமும். ராஜசிம்மப் பல்லவன் ஒரு கோவிலை நகரத்திலும் இன்னொன்றை அலை வாயிலும் கட்டினான். முதலில் எதைப் பார்ப்பது என்பதிலிருந்து தொடங்குவோம்.