சிற்றுரையாடல் வழியே ஆங்கிலம்

உழவுக்கும் ஊராட்சிப் பணிக்கும் ஆங்கிலம் எதற்கு என்னும் வினா நியாயமானதே. நம் மாநிலத்தின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டுவிட்டது. ஊராட்சித் தீர்மானமும், கிராம சபை நடவடிக்கையும், வட்டாட்சியருக்கு எழுதும் விண்ணப்பமும் தமிழிலேயே நடைபெறற்குரியன. ஆதலின், மாநில அரசு அலுவலகத்துக்கு அஞ்சி ஆங்கிலம் கற்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

ஆயினும், உழவரின் விளைபொருள் மாநில எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஈரோட்டு மஞ்சளை வாங்குவோருள் தமிழறியாத வெளிமாநில வணிகரும் உளர். வங்கிப் பத்திரங்களிலும் பூச்சிமருந்துச் சீட்டுகளிலும் ஆங்கிலம் இடம்பெறுகிறது. இவ்விடங்களில் மொழி விளங்காமை பணத்துக்குக் கேடாகலாம். சில வேளைகளில் உயிருக்கும் கேடாகலாம். இக்குறையைப் போக்கிக்கொள்ளப் பெரிய இலக்கண நூல் வேண்டுவதில்லை. அன்றாட அலுவல்களைப் பற்றிய சிறுசிறு உரையாடல்களைப் பேசிப் பழகினாலே பெரும் பயன் உண்டு. அம்முறையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

கையிலுள்ள முதல்

நம் உழவர்கள் ஆங்கிலச் சொல் அறியாதவர் அல்லர். மோட்டார், பம்பு செட், லோடு, ரேட், பில், செக், அட்வான்ஸ், பேலன்ஸ் ஆகிய சொற்கள் எழுத்தறியாதார் நாவிலும் நாள்தோறும் வழங்குகின்றன. சொல் இருக்கிறது, அவற்றைக் கோத்து வாக்கியமாக்கும் பழக்கமே இல்லை. பள்ளியில் பல ஆண்டு ஆங்கிலம் படித்த இளைஞர்களும் நான்கு வார்த்தை பேசத் தயங்குவதன் காரணம் இதுவே. அவர்கள் மொழியைக் கண்ணால் கற்றார்கள். காதாலும் நாவாலும் கற்கவில்லை.

இவ்வுண்மையை அறிஞர்கள் முன்னரே கண்டிருக்கின்றனர். 1922ஆம் ஆண்டில் ஜப்பான் சென்ற ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர், முதலில் கேட்டலும் பேசுதலும், பின்னரே படித்தலும் எழுதுதலும் என்ற முறையை அந்நாட்டில் பரப்பினார். டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பார், மிகுதியாக வழங்கும் சுமார் 2,000 சொற்களைத் திரட்டி 1953இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். குறைந்த சொல், நிறைந்த பழக்கம் என்பதே இவ்விருவர் வழியிலும் நாம் கொள்ளத்தக்க பாடம்.

சந்தையில் ஓர் உரையாடல்

கீழ்வரும் உரையாடலை இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசிப் பார்க்கலாம்.

வணிகர்: வாட் டூ யூ செல்? — நீங்கள் என்ன விற்கிறீர்கள்?
உழவர்: ஐ செல் டர்மெரிக். — மஞ்சள் விற்கிறேன்.
வணிகர்: ஹவ் மச் டூ யூ ஹேவ்? — எவ்வளவு இருக்கிறது?
உழவர்: ஐ ஹேவ் டென் குவிண்டால்ஸ். — பத்துக் குவிண்டால் இருக்கிறது.
வணிகர்: வாட் இஸ் யுவர் ரேட்? — என்ன விலை?
உழவர்: ஒன் ஃபிஃப்டி பெர் கிலோ. வென் வில் யூ பே? — கிலோ நூற்றைம்பது. பணம் எப்போது தருவீர்கள்?
வணிகர்: ஆஃப்டர் வெயிங். — எடை போட்ட பிறகு.

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவே வரும். 'நான் விற்கிறேன் மஞ்சள்' என்னும் வரிசையே அவர்கள் வரிசை. அடுத்து, வினாவில் வரும் 'டூ' என்னும் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் இல்லை. அது வினாவுக்கு அடையாளமாய் நிற்பது. மூன்றாவது, நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அங்கில்லை. யாவர்க்கும் 'யூ' ஒன்றே. மரியாதையைக் காட்டுவது 'ப்ளீஸ்' என்னும் சொல். 'கிவ் மீ எ ரிசீட்' என்பது கட்டளை போல் ஒலிக்கும். 'ப்ளீஸ் கிவ் மீ எ ரிசீட்' என்றால் 'ரசீது தாருங்கள்' என்று பணிவாய்க் கேட்டதாகும்.

எண்ணில் எச்சரிக்கை

எண்களை முதலில் திருத்தமாய்க் கற்க வேண்டும். 'ஃபிஃப்டீன்' என்பது 15. 'ஃபிஃப்டி' என்பது 50. முன்னதில் இறுதிப் பகுதி நீண்டு அழுத்தம் பெறும். பின்னதில் முதற்பகுதி அழுத்தம் பெறும். மேற்கண்ட உரையாடலில் உழவர் 150 ரூபாய் என்று கூற, வணிகர் 115 என்று கேட்டுக்கொண்டால் கிலோவுக்கு 35 ரூபாய் வேறுபாடு. பத்துக் குவிண்டால் என்பது 1,000 கிலோ. ஆக 35,000 ரூபாய் தகராறில் நிற்கும். எனவே எண்ணைச் சொன்னபின் 'ஒன் ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாய் மறுமுறை சொல்லுதலும், தாளில் எழுதிக் காட்டுதலும் நல்ல வழக்கங்கள்.

விளங்கவில்லை எனக் கூறும் துணிவு

மற்றொரு வழக்கத்தை விலக்குதல் வேண்டும். பிறர் பேசும்போது 'சரி, சரி' என்பது நம்மவர் இயல்பு. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே அதன் கருத்து; 'ஒப்புக்கொண்டேன்' என்பதன்று. ஆங்கிலத்தில் பேசுவோரிடம் அவ்வாறே 'எஸ், எஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர் அதைச் சம்மதமாகவே கொள்ளக்கூடும். கடன் பத்திரம், ஒப்பந்தப் பத்திரம் ஆகியவற்றின் முன் பயன்படுத்த வேண்டிய வாக்கியங்கள் இவை:

ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட். — எனக்கு விளங்கவில்லை.
ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி. — மெதுவாகப் பேசுங்கள்.
ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் இட் இன் தமிழ். — இதைத் தமிழில் விளக்குங்கள்.
ஐ வில் ஸைன் டுமாரோ. — நாளை கையெழுத்திடுகிறேன்.

இந்நான்கையும் ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும், குறிப்பாகப் பெண் உறுப்பினர்கள், தயக்கமின்றிச் சொல்லப் பழகுதல் நலம். விளங்கவில்லை எனக் கூறுவதில் இழுக்கில்லை. விளங்காமல் கையெழுத்திடுவதிலேதான் தீங்கு இருக்கிறது.

மருந்துப் புட்டியும் ஒரு பாடமே

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, மருந்துச் சீட்டில் நச்சின் கடுமையை உணர்த்தும் நிறக்குறி இருத்தல் வேண்டும். கடுமை மிகுந்ததற்குச் சிவப்பு. அதற்கடுத்துப் படிப்படியாக மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பிலும் மஞ்சளிலும் 'பாய்ஸன்', அதாவது விஷம் என்றும், நீலத்தில் 'டேஞ்சர்', அதாவது அபாயம் என்றும், பச்சையில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை என்றும் எழுதியிருக்கும். பச்சைக் குறி கண்டு தீங்கற்றது எனக் கருதலாகாது.

சீட்டை நடுவே வைத்துக்கொண்டு இருவர் பேசலாம்:

இஸ் திஸ் டோஸ் ஃபார் ஒன் ஏக்கர்? — இவ்வளவு ஓர் ஏக்கருக்கா?
நோ. இட் இஸ் ஃபார் ஒன் ஹெக்டேர். — இல்லை, ஒரு ஹெக்டேருக்கு.

ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்குரிய அளவை ஏக்கருக்கெனக் கொண்டால், வேண்டியதினும் இரண்டரை மடங்கு மருந்து நிலத்தில் விழும். ஒரு சொல்லை அறிவதால் எவ்வளவு செலவும் கேடும் தவிர்கின்றன என்பதை இதனால் உணரலாம்.

பயிற்சியை அமைக்கும் வகை

2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகங்கள் அமைக்கப்பட்டன. அத்தகைய நூலகத்திலோ, பள்ளித் திண்ணையிலோ மாலையில் அரைமணி நேரம் பத்துப்பேர் கூடினால் போதும். வாரத்துக்கு ஓர் உரையாடல். அதில் எட்டு வாக்கியங்களுக்கு மேல் வேண்டா. ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் முதலில் இருமுறை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க வேண்டும். பின்பு அனைவரும் சேர்ந்தும், அதன்பின் இருவர் இருவராயும் பேச வேண்டும். வினவியவர் விடை கூறவும், விடை கூறியவர் வினவவும் முறை மாறிக்கொள்ளுதல் இன்றியமையாதது. அடுத்த வாரம் மஞ்சளை எடுத்துவிட்டுத் தேங்காயையோ வாழையையோ அவ்விடத்தில் வைத்தால் அதே வாக்கியங்கள் புதுப் பாடமாகிவிடும்.

தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படித்தல் தொடக்கத்துக்கு ஊன்றுகோல் மட்டுமே. மாத்திரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் விலைச்சீட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பில்' என்று ஒன்றாகவே நிற்கும். ஒலியில் அவை வேறு. வேற்றுமையைக் காதுதான் பிரித்தறியும். ஆகவே கல்லூரியில் பயிலும் நம் ஊர்ப் பிள்ளைகளை விடுமுறை நாட்களில் அழைத்துப் பேசச் செய்வது நலம். பிழை செய்வோரை நகைத்தல் கூடாது என்பதைக் குழுவின் முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஊராட்சி உறுப்பினர் ஒருவர் முன்வந்து பத்துப்பேரைச் சேர்த்தால், வரும் அறுவடைக்குள் சந்தைக்கு வேண்டிய உரையாடலேனும் நம் உழவர் நாவில் படிந்துவிடும். தம் பொருளுக்குத் தாமே விலை கூறவும், விளங்காததை விளங்கவில்லை என்று கூறவும் வல்லவராக நம் மக்களை ஆக்குதலும் ஊர்ப்பணியே. இம்மாதமே அதனைத் தொடங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.