உயரமான கம்பா? உங்களுக்கு ஏற்ற கம்பா?

குட்டீஸ், குளத்தங்கரையில் தூண்டில் போட்டிருக்கிறீர்களா? மூங்கில் கம்பு, கொஞ்சம் நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் மண்புழு. தக்கை எப்போது அமிழும் என்று கண் கொட்டாமல் காத்திருக்க வேண்டும்.

கடற்கரையில் வேறு ஒரு விதமான தூண்டிலும் உண்டு. அதில் புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. குட்டி மீனைப் போலவே செய்த பொய் இரையைத் தூர வீச வேண்டும். பிறகு ரீலைச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். தண்ணீருக்குள் அந்தப் பொய் மீன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். நிஜ மீன் என்று நினைத்துக் கொடுவாவோ பாறையோ பாய்ந்து கவ்வும். இதைத்தான் ‘லூர்’ போட்டுப் பிடிப்பது என்கிறார்கள்.

இதற்குக் கம்பு வாங்க உங்களை அப்பா கடைக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் வரிசையாகக் கம்புகள் நிற்கின்றன. உங்கள் கண் எதன் மேல் போகும்? இருப்பதிலேயே உயரமான கம்பின் மேல்தானே! 12 அடி, 13 அடி என்று கூரையைத் தொடுகிறதே!

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கம்பு வேறு வேலைக்கானது. கனமான ஈயக்குண்டையும் இரையையும் வீசிவிட்டு, மணலில் நட்டு வைத்துக் காத்திருக்க உதவுவது. லூர் போடும்போது கம்பு மணலில் நிற்காது, உங்கள் கையிலேயே இருக்கும். வீசு, சுற்று, மறுபடி வீசு! ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வீச்சு என்றால்கூட ஒரு மணி நேரத்தில் 40 வீச்சு. ரீலோடு சேர்த்து ஒரு கிலோ கனமுள்ள கம்பை 40 முறை வீசிப் பாருங்கள், மறுநாள் பேனா பிடிக்கக் கை வராது! அரைக் கிலோவுக்குள் இருந்தால் கை அவ்வளவாக வலிக்காது.

"அப்படியென்றால் தூரமாகப் போகாதே?" என்கிறீர்களா? பெரிய மீன்கள் எப்போதும் ஆழ்கடலிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். மடவை போன்ற மீன்களைத் துரத்திக்கொண்டு கொடுவாவும் பாறையும் கரையருகே வரும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இவற்றுக்குப் பிடித்த இடம். அங்கே 30, 40 மீட்டர் வீசினாலே போதும்.

கம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். கம்பின் ஜாதகமே அதுதான்!

முதலாவது நீளம். பெரியவர்களுக்கு 8 முதல் 9 அடி சரியாக இருக்கும். உங்களுக்கு 7 அல்லது 7½ அடி போதும்.

இரண்டாவது லூரின் எடை. ‘10-30 கிராம்’ என்று இருந்தால், 10 கிராமுக்குக் குறைந்ததையும் 30 கிராமுக்கு மேற்பட்டதையும் அந்தக் கம்பால் வீசக் கூடாது என்று பொருள்.

ஏன் என்று தெரிய வேண்டுமா? உங்கள் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். ஒரு முனையை மேஜையோடு அழுத்திப் பிடித்து, மறுமுனையில் காகித உருண்டையை வைத்து வளைத்து விடுங்கள். விர்ரென்று பறக்கிறதா? இப்போது அதே ஸ்கேலில் பெரிய ரப்பரை வையுங்கள். தொப்பென்று பக்கத்திலேயே விழும். வளைந்த ஸ்கேல் சக்தியைச் சேர்த்து வைத்து, நிமிரும்போது திருப்பித் தருகிறது. கம்பும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: ஸ்கேலை உங்கள் விரல் வளைத்தது, கம்பை வளைப்பது லூரின் எடை. லூர் மிகவும் லேசாக இருந்தால் கம்பு வளையவே வளையாது, தூரமும் போகாது. மிகவும் கனமாக இருந்தால் கம்பு ‘படக்’ என்று முறிந்தே போகலாம். 10-30 கிராம் கம்புக்கு 15 முதல் 20 கிராம் லூர் வெகு பொருத்தம்.

மூன்றாவது நரம்பின் பலம். இதைப் பவுண்டில் எழுதியிருப்பார்கள். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். ‘8-16 பவுண்டு’ கம்பில் 40 பவுண்டு நரம்பைக் கட்டினால் என்ன ஆகும்? முள் பாறையில் சிக்கி நீங்கள் இழுக்கும்போது நரம்பு அறாது, கம்புதான் முறியும்! அதற்காக நூல் மாதிரி மெல்லிய நரம்பும் கூடாது. வீசும் வேகத்தில் அது அறுந்தால், முள்ளோடு லூர் எங்கே பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இந்த எண் விளையாட்டல்ல.

நூற்கண்டு சொன்ன யோசனை

இந்தக் கம்போடு சேரும் ரீல், கம்புக்குக் கீழே தொங்கும். வீசும்போது இதில் நரம்பு சுற்றிய உருளை சுழலாது. நரம்பு மட்டும் சுருள் சுருளாக உருவிக்கொண்டு போகும்.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அம்மாவின் தையல் நூற்கண்டை ஒரு பென்சிலில் மாட்டி, நூலைப் பக்கவாட்டில் இழுங்கள். கண்டு முழுவதும் உருள வேண்டியிருக்கிறது அல்லவா? இப்போது கண்டை மேஜை மேல் நிறுத்தி வைத்து, நூலை மேல்நோக்கி இழுங்கள். கண்டு அசையாமலே நூல் சுலபமாக வருகிறதே!

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊர் துணி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர், ஆலையில் நூல் இப்படி உருவி வருவதைப் பார்த்துத்தான் தம் ரீலை உருவாக்கினார் என்பார்கள். 1905-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். லேசான லூரைக்கூடச் சுலபமாக வீச முடிகிறது என்றால், அதற்கு இந்த யோசனையே காரணம்.

நரம்பு சுருளாக வருவதால்தான், கம்பில் ரீலுக்கு அடுத்த வளையம் பெரிதாக இருக்கிறது. நுனிக்குப் போகப் போக வளையங்கள் சிறிதாகி, சுருளை நேராக்கிவிடும். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

கண்ணாடியா, கார்பனா?

பழைய காலக் கம்புகள் மூங்கிலில் செய்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழைக் கம்புகள் பரவின. 1960-களில் விமானங்களுக்காக ஆராய்ந்து மேம்படுத்திய கார்பன் இழை, பின்னர் தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

கார்பன் கம்பு லேசானது, விறைப்பானது. மீன் மூக்கால் தொட்டால்கூடக் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் மோதினாலோ காரின் கதவில் நசுங்கினாலோ சட்டென்று உடையும். கண்ணாடி இழைக் கம்பு சற்றுக் கனம். ஆனால் அடி தாங்கும். இரண்டையும் கலந்து செய்த கம்புகளும் உண்டு. முதல் கம்பு கீழே விழாமல் இருக்குமா? அதனால் கலப்புக் கம்பே உங்களுக்கு நல்லது.

ஒன்றை மறக்காதீர்கள். கார்பன் வழியாக மின்சாரம் பாயும். மின்கம்பிகளுக்கு அருகே கம்பைத் தூக்கக் கூடாது. இடி மின்னல் என்றால் உடனே கம்பைக் கீழே வைத்துவிட்டு, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

கடையிலேயே செய்யலாம் ஐந்து சோதனை

1. கம்பில் ரீலை மாட்டச் சொல்லுங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பிடியுங்கள். தராசு போல நின்றால் சபாஷ்! நுனி தொபுக்கென்று சாய்ந்தால் கை சீக்கிரம் வலிக்கும்.

2. ரீல் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை முன்கையோடு ஒட்டி வையுங்கள். அதன் அடி முனை முழங்கையைச் சற்றே தாண்டினால் போதும். மிகவும் நீண்டால் சட்டையில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

3. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சைத் தேய்த்து எடுங்கள். பஞ்சு இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது; அது நரம்பை அறுத்துவிடும்.

4. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பின் நீளவாக்கில் பாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

5. இரண்டு துண்டுக் கம்பு என்றால் பொருத்தி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடக் கூடாது.

கடற்கரைக்குப் போகலாமா?

பெரியவர் துணையில்லாமல் போகவே கூடாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே! குளிப்பவர்கள் இருக்கும் இடத்தில் வீசக் கூடாது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் திரும்பிப் பாருங்கள். பின்னால் வருகிற தங்கையின் கன்னத்தில் முள் குத்தினால், எந்த மீனும் அதற்கு ஈடாகாது. தொப்பியும் கண்ணாடியும் அவசியம்.

காலையில் போவது இன்னொரு விதத்திலும் நல்லது. இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். உங்கள் லூரைக் காற்றே தள்ளிவிடும்! பிற்பகலில் கடற்காற்று எதிரே வீசி அதைத் திருப்பித் தள்ளும்.

கெளுத்தி மாட்டினால் நீங்கள் தொடாதீர்கள். அதன் முள்ளில் விஷம் உண்டு. பெரியவரிடம் விட்டுவிடுங்கள். குட்டி மீன் வந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, கடலிலேயே விட்டுவிடுங்கள். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வருகிற ஆலிவ் ரிட்லி ஆமைகளின் கழுத்திலோ துடுப்பிலோ அது சுற்றிக்கொண்டால் அவை என்ன செய்யும், பாவம்!

வீட்டுக்கு வந்ததும் கம்பையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைத்து, நிழலில் காய வையுங்கள். உப்பு எந்த இரும்பையும் விட்டுவைக்காது.

கடைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? "இருப்பதிலேயே பெரிய கம்பு கொடுங்க அண்ணா" என்று கேட்காதீர்கள். "நான் 15 கிராம் லூர் போடப் போகிறேன், என் கைக்கு ஏற்ற கம்பு எது அண்ணா?" என்று கேளுங்கள். கடைக்காரரே உங்களை நிமிர்ந்து பார்ப்பார்!